முதல் ஊசி சிஸ்டருக்கு

அடுத்தவர் உடம்பில் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பதுதான் என் தொழில். நர்ஸ் என்றால் வார்டில் ஊசி போடுகிறவள் என்று நினைக்கும் ஊரில் இதைப் புரியவைப்பது கஷ்டம். என் மாமியாருக்கே இன்னும் பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "மருமக கணக்கெடுக்கப் போவுது" என்கிறார், ஏதோ ஓட்டுப் பட்டியல் சரிபார்க்கப் போவதுபோல.

வீடு அரியலூரில். வேலை பெரம்பலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில். அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. இரண்டு மாவட்டத்திலும் சில கிராமங்களைப் பிடித்து, பெண்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறோம். மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை அவர்களே தடவிப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருகிறோம். சொல்லித் தந்ததால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று பிறகு போய்ப் பார்க்கிறோம். பாதி ஊர்களுக்குத்தான் பாடம். மீதி ஊர்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். ஆய்வெல்லாம் முடிந்த பிறகு அவர்களுக்கும் பாடம் உண்டு. இந்தப் பாடம் இல்லாத கூட்டத்துக்குக் கன்ட்ரோல் குரூப் என்று பெயர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் என் மகள் கயல் தூங்குகிறாள். ஒன்றரை வயது, இன்னும் பால் குடிக்கிறாள். என் இடது மார்பின் மேல் ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று இருக்கிறது. சில மாதமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் நடுங்குகிற நர்ஸ்மார்களும் அம்மாமார்களும் எங்கேயாவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

நியூஸ் வாசிக்கிற பெண்

நான் படித்த கான்வென்ட்டில் கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே யாருக்கும் உடம்பு கிடையாது. உயிரியல் பாடத்தில் அந்தப் பக்கங்கள் வந்ததும் மதர், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நேரே செடிகொடிகளுக்குப் போய்விடுவார். சளி பிடித்தால்கூட நெஞ்சு என்ற சொல்லை நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். அப்படி வளர்ந்தவளைக் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊரில், அங்கன்வாடி நிறைய உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்?

"தங்களது மார்பகங்களில் ஏதேனும் மாற்றம் தென்பட்டால்..." என்று ஆரம்பித்தேன். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவள் தொடையில் தட்டினாள். அப்புறம் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன ஓர் அக்கா முன்வரிசையில் இருந்தார். அவருக்குத்தான் என்மேல் இரக்கம் வந்தது. "ஏன் தாயி நியூஸ் வாசிக்கிற பொண்ணு மாதிரி பேசுற? மாருன்னு சொல்லு. பேரு சொல்லிக் கூப்புட்டா அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

டிபன் பாக்ஸ்

பாடம் நடத்த எங்களிடம் ஒரு பொம்மை மார்பு உண்டு. சிலிக்கானில் செய்தது. தொட்டால் அசல் போலவே இருக்கும், உள்ளே இரண்டு மூன்று இடத்தில் கட்டி வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்று வந்த பை ஜிப் போய்விட்டதால் பெரிய டிபன் பாக்ஸ் ஒன்றில் போட்டுத்தான் எடுத்துப் போவேன். ஒருநாள் மதியம் என் கூட்டாளி தமிழரசி, சாப்பாட்டு அவசரத்தில் அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். ஜெயங்கொண்டத்துக்காரி. எதற்கும் அசராதவள். அன்றைக்கு அலறிவிட்டாள். "அடிப்பாவி, இட்லின்னு நெனச்சுக் கொழம்பு ஊத்தப் பாத்தேன்டி!"

அதே பொம்மையை ஓர் ஊரில் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஓர் அம்மா கண்ணை இறுக மூடி, நாங்கள் சொன்னபடி மூன்று விரலால் வட்டமாக அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறக்கவில்லை. முகம் மட்டும் மாறியது. கண்டுபிடித்துவிட்டார், கைதட்டலாம் என்று நான் கையைத் தூக்கினேன். அவர் பொம்மையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தபடி கேட்டார்: "யாருதும்மா இது? பாவம், இவ்ளோ முத்துற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்திருக்காளே!"

உங்களுக்கு முதலில்

கிராமத்தில் முதல் ஊசி எப்போதும் எங்களுக்குத்தான். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. சர்க்கரை பார்க்க விரலை நீட்டச் சொன்னால் ஒருத்தரும் நீட்ட மாட்டார்கள். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "மொதல்ல ஒங்களுக்குக் குத்துங்க, பாப்பம்." நானும் தமிழரசியும் முறை வைத்துக்கொண்டு குத்திக்கொள்வோம். இரத்தம் வந்து, மெஷின் நம்பர் காட்டி, நாங்கள் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் வரிசை நகரும். என் விரல் நுனிகளைப் பார்த்தால் தையல் பழகுகிறவள் என்று நினைப்பீர்கள்.

மார்பு பார்ப்பதை மட்டும் அப்படி யாரும் கேட்டதில்லை. சேலையைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டி, ஒவ்வொருத்தராக உள்ளே வருவார்கள். வெட்கத்தில் எங்களைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. நல்லவேளை என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை கல்யாண வீட்டில் லட்டு தின்றுவிட்டு நேரே முகாமுக்குப் போனேன். வழக்கம்போல முதல் ஊசி எனக்கு. மெஷின் கொஞ்சம் தாராளமாகக் காட்டிவிட்டது. எட்டிப் பார்த்த ஒரு பெண் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒங்களுக்கே இம்புட்டு இருக்கு. மொதல்ல நீங்க போயி டாக்டரப் பாருங்க சிஸ்டர், அப்புறமா எங்க ஊருக்கு வரலாம்."

இருக்குன்னா பாஸ்

சிறுவாச்சூரிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊர். திங்கள், வெள்ளியில் கோயில் கூட்டத்தில் அந்த வழி பஸ்ஸில் கால் வைக்க முடியாது, அதனால் செவ்வாய்க்கிழமை போனோம். பாடத்துக்கு முன்னால் கேட்கும் கேள்விகள் அன்றைக்கு. முதலில் வந்த பெண், "கட்டி ஏதாவது இருக்கா?" என்றதும் "இருக்கு" என்றாள். தமிழரசி அவளை உட்காரவைத்து, ஆறுதல் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, மறைப்புக்குப் பின்னால் பார்த்தால் அக்குளில் வேர்க்குரு பழுத்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் வெளியே காத்திருந்தவர்களுக்கு அது தெரியாது. உள்ளே ஒருத்திக்கு மட்டும் நெடுநேரம், டீ வேறு. வெளியே போனவளைப் பிடித்து என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று துருவியிருக்கிறார்கள். அடுத்தவள் வந்தாள். "கட்டி இருக்கா?" "இருக்கு சிஸ்டர்." பரீட்சை ஹாலில் சரியான விடை தெரிந்த பிள்ளையின் முகம். அதற்கடுத்தவளும் "இருக்கு." மதியத்துக்குள் தெருவுக்கே கட்டி வந்துவிட்டது. தண்ணீரா, மருந்தடிப்பா, என்ன இந்த ஊரில் என்று தமிழரசி எங்கள் ஆய்வை நடத்துகிற மேடத்துக்கே போன் போடப் போனாள். அப்போதுதான் வாசலில் நின்ற ஒரு புது மருமகள் மெல்லக் கேட்டாள், "இருக்குன்னு சொன்னாத்தான் பாஸாமே, அப்படியா?"

சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு வந்துவிட முடியாதே, இருக்கு என்று சொன்ன எல்லாரையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒருத்திக்கும் ஒன்றுமில்லை. தெருவிலேயே ஒரே ஒருத்திதான் "இல்ல" என்று சொல்லியிருந்தாள். அஞ்சலை. நாற்பதை ஒட்டிய வயது, சின்ன வெங்காயம் போடுகிற வீடு. நான் கேள்வியை முடிக்கும் முன்பே சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றவள். மற்றவர்கள் அவளை விடவில்லை. "இவ மட்டும் ஃபெயிலு சிஸ்டர், இவளையும் உள்ள கூப்புடுங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

வலது பக்கம், அக்குளை ஒட்டி, என் விரலுக்குக் கீழே அது இருந்தது. அழுத்தினால் நகராமல். எனக்கு அந்தக் கெட்டித்தனம் தெரியும். தினமும் காலையில் சோப்புக் கையோடு நான் தொட்டுப் பார்க்கிற அதே கெட்டித்தனம். கையை எடுக்கவே வரவில்லை. ஏன்க்கா இல்லைன்னு சொன்னீங்க என்று கேட்டேன். ஜாக்கெட் ஊக்கைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவளுவ இருக்குன்னு சும்மா சொன்னாளுவ. நான் சொன்னா நெசமாயிடுமே சிஸ்டர்."

அத்தையின் வைத்தியம்

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கயல் புரண்டு படுத்திருக்கிறாள். கதவு தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்த்தேன். பூட்டித்தான் இருக்கிறது. எதைப் பார்க்கப் போகிறேன் என்று தெரியாமலே இப்போதெல்லாம் எழுந்து எழுந்து போகிறேன்.

கயலுக்கு இடது பக்கம் கொடுக்காமல் தவிர்ப்பதை முதலில் கவனித்தது என் மாமியார். அத்தைக்கு இதிலெல்லாம் கண் கூர்மை. பால் கட்டிக்கொண்டது என்று நான் சொன்னதும், கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். உதிரியாக எடுத்து, மார்பில் வைத்துக் கட்டிக்கொள், நாலு நாளில் கரைந்துவிடும் என்றார். நான் நர்சிங்கில் முதுகலை. வீட்டு வைத்தியத்தை நம்பிக் காலம் கடத்தாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவள். மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக் கட்டிக்கொண்டேன். மறுநாள் புதுப் பூ. அதற்கு மறுநாளும். அத்தை வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன், நிஜமான பால் கட்டுக்கு எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கலாம். எனக்குத் தேவைப்பட்டது வைத்தியம் அல்ல, இன்னொரு வாரம்.

என் கணவரிடம் கட்டி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. புருவமெல்லாம் தூசியோடு வருகிறவரிடம் எதைச் சொல்வது? ஒருநாள் சாப்பிடும்போது, இடது பக்கம் கொஞ்சம் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்ல மாட்டாரோ என்று அதைவிடப் பயம். தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்பாகத்தான் சொன்னார்: "நீயே நர்ஸு. ஒனக்குத் தெரியாததா?"

பூவைக் காணோம்

பாடம் நடத்தும் நாள் வந்தது. மறுபடியும் அஞ்சலையின் ஊர். பால் கொடுக்கும் அம்மாக்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு, அதை எப்போதும் நான்தான் சொல்வேன். "பால் குடுக்கறப்போ வர்ற கட்டி பெரும்பாலும் பால் கட்டுதான். பயப்பட வேணாம். ஆனா ரெண்டு வாரத்துல கரையலன்னா கட்டாயம் டாக்டர்கிட்ட காட்டணும். அதுக்கு மேல ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது." மனப்பாடம். மழலைப் பாட்டுப் போல வாயில் வந்துவிடும். பேசப் பேச எனக்கு வியர்த்தது. வியர்க்க வியர்க்க, அத்தை வைத்துக் கட்டிய பூ சூடேறி வாசம் கிளம்பியது. காற்றில்லாத அங்கன்வாடி. முன்வரிசைப் பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். யார் தலையிலும் பூ இல்லை. என் தலையிலும் இல்லை.

பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் இருக்கிற இடத்தில் அந்த வாசத்துக்கு அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, பாயைச் சுருட்ட உதவுகிற சாக்கில் அஞ்சலை என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "தலையில பூவக் காணோம், வாசம் மட்டும் தூக்குது. பாப்பாவுக்குப் பால் மறக்கடிக்கிறீங்களா, இல்ல ஒங்களுக்கும் ரெண்டு வாரம் தாண்டிடுச்சா?"

நாங்கள் எந்த குரூப்

மாதக் கடைசியில் மேடம் எங்களை உட்காரவைத்து முடிவுகளைச் சொல்வார். கோபம் வந்தால் குரல் தணிகிற ரகம். பாடம் கேட்ட ஊர்களில் பெண்கள் எல்லாக் கேள்விக்கும் பளிச்சென்று பதில் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் தடவிப் பார்த்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம்தான், சந்தேகம் என்று அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். "தெரிஞ்சிருக்கு. செய்யல. ஏன்?" என்று மேடம் கேட்டார். ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொன்னோம். பஸ் வசதி, வேலை, வெட்கம், வீட்டுக்காரர். நான் பஸ் வசதி என்றேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "சரி. நம்மள்ல எத்தனை பேரு மாசா மாசம் பாத்துக்கறீங்க? கை தூக்குங்க." எல்லாரும் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்தோம், ஏதோ அதுதான் கையைத் தூக்கவேண்டும் என்பதுபோல. நான் பார்த்துக்கொண்டதுண்டு, தினமும் பார்க்கிறேன். கையைத் தூக்கினால் அடுத்த கேள்வி வருமே என்று தூக்கவில்லை. மேடத்தின் குரல் தணிய ஆரம்பித்தபோது தமிழரசி எங்கள் மானத்தைக் காப்பாற்றினாள். "மேடம், நாங்கள்லாம் கன்ட்ரோல் குரூப்பு."

வெங்காயம் பிடுங்கட்டும்

சந்தேகக் கட்டி கண்டுபிடித்த பெண்ணை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டும் வரை விடாமல் பேசுவது என் பொறுப்பு. அஞ்சலைக்குப் போன் செய்தேன். "வெங்காயம் புடுங்கிட்டு வந்துர்றேன் சிஸ்டர்." வெங்காயம் பிடுங்கியாயிற்று. "காயவச்சிருக்கு, மழ வந்துரும்போல." காய்ந்தது. "சிறுவாச்சூர் கோயிலுக்கு ஒரு வேண்டுதல், அத முடிச்சிட்டு." வேண்டுதல் முடிந்தது. "மவளுக்குப் பரீட்சை." நான் ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன், அடுத்த வாரம் என்றேன். என் பக்கம் அடுத்த வாரங்கள் வேறு மாதிரி: கயலுக்குச் சளி, இவருக்கு ஷிப்ட் மாற்றம், அறிக்கை முடிக்கவேண்டும். போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும். அவள் வராவிட்டால் நானும் போகவேண்டியதில்லை என்று எனக்குள்ளே ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அப்போது நான் கணக்கு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

அஞ்சலைதான் ஒத்துக்கொள்ள வைத்தாள். ஒருநாள் அவளே கூப்பிட்டாள். பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. என்ன சாக்கு சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சாக்கு இல்லை, அதட்டல். "இந்தா பாருங்க, நான் பயத்துல ஆயிரம் சொல்லுவேன். நீங்க அதட்டணும். வூட்டுக்கு வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போவணும். நான் சொல்றதுக்கெல்லாம் சரிசரின்னா, நான் செத்துப்போறதும் ஒங்களுக்குச் சரியா?"

ரெண்டு சீட்டு

போனோம். நான், அஞ்சலை, துணைக்குத் தமிழரசி. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடத்தில் அஞ்சலை என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலில் தலையை நுழைத்தாள். "ரெண்டு சீட்டுப் போடு தம்பி." தமிழரசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏக்கா, இது என்ன பஸ்ஸா, கூட வந்தவங்களுக்கும் டிக்கெட் எடுக்க?" அஞ்சலை திரும்பவில்லை. ஜன்னலுக்குள்ளேயே என் பெயரையும் சொல்லிவிட்டாள். தமிழரசி என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. இவ்வளவு நாள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளுக்கு அந்த ஜன்னல் முன்னால் நான் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள், "லூசு" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேன் அறைக் கதவு வரைக்கும் அஞ்சலை நன்றாகத்தான் வந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். மாட்டேன், வூட்டுக்குப் போறேன், எனக்கு ஒண்ணுமில்ல என்றாள். பயப்படாதீங்கக்கா, வலிக்காது, ஒண்ணும் ஆகாது என்றேன். எத்தனை அங்கன்வாடியில் சொன்ன வார்த்தைகள். அவள் என் முகத்தையே பார்த்தாள். "எங்க ஊருல சர்க்கரைக்கு விரலக் குத்தறப்போ யாருக்கு மொதல்ல சிஸ்டர்?" என்றாள். வரிசையில் இருந்தவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன்.

ஜெல் சில்லென்று இருந்தது. கான்வென்ட்டுப் பழக்கம், கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டார்கள். நான் பெண்களிடம் கேட்கிற அதே கேள்வி, அதே வரிசையில். ஒவ்வொரு பதிலும் சொல்லும்போதே அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்தது, அதுதான் கொடுமை. பால் கட்டுதானே டாக்டர் என்றேன். "இருக்கலாம். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இருக்கலாம் என்பதை நானும் எத்தனையோ பேரிடம் புன்னகையோடு சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது அதில் கால் ஊன்ற இடமே இல்லை. ஊசியும் அன்றைக்கே போட்டார்கள்.

வெளியே வந்தேன். அஞ்சலை இன்னும் அதே தூணில். வலிச்சுதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பழக்கதோஷம். "வலிச்சுது. பொறுத்துக்கலாம். பயமாத்தான் இருக்கு" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது, ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். களைக்கொத்து எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறவள் மாதிரி கதவைப் பார்த்து நடந்தாள். பாதியில் திரும்பி வந்து, மஞ்சள் பையை என் மடியில் போட்டாள். "சரி, பயந்தாங்கொள்ளி நீங்களே உள்ள போயி உசுரோட வந்துட்டீங்க. பையப் புடிங்க, நான் போயிட்டு வரேன்."

இன்றைக்கு

இரண்டு பேருக்கும் முடிவு வரவில்லை. இந்த வாரம் வரும் என்றார்கள். நேற்று இவரிடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். முடிவு வாங்கப் போகிற நாளுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்றார், முகத்தைக் கழுவ எழுந்து போனார். அத்தை இன்றைக்கும் பூ வாங்கிவந்தார். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். பார்த்தவர், கோணலாக இருந்ததைச் சரிசெய்துவிட்டார். அஞ்சலை தினமும் கூப்பிடுகிறாள். வெங்காயம் என்ன விலை போயிற்று என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், வைக்கும்போது மட்டும் ஒரே வாக்கியம்: "எதுவா இருந்தாலும் மொதல்ல ஒங்க சீட்டப் படிச்சிட்டு, அப்புறம் என்னுத எடுங்க."

கயல் தூக்கத்தில் இடது பக்கமாகத்தான் கையைப் போட்டிருக்கிறாள்; பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் விரல் படுகிறது, எடுத்துவிட மனமில்லாமல் அசையாமல் எழுதுகிறேன்.

'பயப்படாதீங்க' என்று இரண்டு மாவட்டத்துக்குப் பாடம் நடத்திய பிறகு நான் கண்டுபிடித்திருப்பது இவ்வளவுதான்: பயந்தவளுக்கு வேண்டியது பாடம் அல்ல, தனக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிற இன்னொரு பயந்தாங்கொள்ளி.